ஆட்டிசம் உள்ள மகனுக்கு எந்தப் பள்ளி?

கேள்வி:

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம். கணவர் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறார். விடியற்காலை வேலைக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வீடு திரும்புவார். மகனுக்கு ஐந்து வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று மதுரையில் டாக்டர் சொன்னார். வேண்டியதை வாய் திறந்து கேட்க மாட்டான். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். பாத்ரூம் வருகிறது என்றும் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கேயோ கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வான். பஸ் ஸ்டாண்டில் கூவுகிற மாதிரி "பழனி, உடுமலை, பொள்ளாச்சி" என்று சொல்லிக்கொண்டே இருப்பான். தமிழ் எழுத்து, இங்கிலீஷ் எழுத்து இரண்டும் யாரும் சொல்லித் தராமலே தெரியும். மிக்சி சத்தம் ஆகாது. தயிர் சாதம், முறுக்கு தவிர வேறு எதையும் வாயில் வைக்க மாட்டான். கதவு திறந்திருந்தால் தெருவுக்கு ஓடிவிடுவான்.

போன ஜூனில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். ஆட்டிசம் என்று சொன்னால் இடம் தர மாட்டார்கள் என்று பயந்து சொல்லவில்லை. இரண்டே மாதத்தில் கூப்பிட்டு, "உட்கார மாட்டேங்கிறான், மற்ற பேரன்ட்ஸ் புகார் சொல்றாங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டில்தான் இருக்கிறான்.

திண்டுக்கல்லில் ஒரு ஸ்பெஷல் ஸ்கூல் இருக்கிறது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே போட்டால் மற்ற பிள்ளைகளைப் பார்த்து இன்னும் மோசமாகிவிடுவான் என்று மாமியார் சொல்கிறார். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி ஹெச்.எம். டீச்சர், "கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம். ஆனா அம்மா கூட உட்காரணும்" என்கிறார். வேறு ஊரில் ஹாஸ்டலோடு ஒரு இடம் இருக்கிறதாம், ஆறு மாதத்தில் பேச வைத்துவிடுவார்களாம். கணவருக்கு அதில் ஆசை. முதலில் பேச்சு வரட்டும், பிறகு பள்ளியைப் பார்க்கலாம் என்று என் அப்பா சொல்கிறார். ஒன்றரை வயதில் கைக்குழந்தை வேறு. எதைச் செய்வது என்று தெரியவில்லை. ஸ்பெஷல் ஸ்கூலா, நார்மல் ஸ்கூலா?

– ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஹாஸ்டல் பேச்சை முடித்துவிடலாம். வேண்டாம். வலிக்கிறது, பசிக்கிறது, ஒருவர் அடித்தார் என்று சொல்லத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தையை, தினமும் நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் விடக் கூடாது. அங்கே என்ன நடந்தது என்று அவன் வந்து சொல்ல மாட்டான். நீங்களும் அவர்கள் சொன்ன தேதியில் போய், அவர்கள் காட்டுகிற அறையைப் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். "ஆறு மாதத்தில் பேச வைப்போம்" என்று உறுதி தருகிற இடம் ஹாஸ்டலாக இல்லாவிட்டாலும் எனக்குச் சம்மதமில்லை. ஆட்டிசம் மூளை வளர்ந்திருக்கும் விதத்தைச் சேர்ந்தது. காய்ச்சல் போல வந்து போவதில்லை. குழந்தை வளரும், கற்றுக்கொள்ளும், பலருக்குப் பேச்சும் வரும். எந்தக் குழந்தைக்கு எப்போது, எவ்வளவு என்று தேதி குறித்துத் தர யாராலும் முடியாது. தருகிறேன் என்பவர் உங்கள் தவிப்பை விலை பேசுகிறார். இதை உங்கள் கணவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். அவர் ஆசைப்படுவதில் தப்பில்லை. மகன் வாயிலிருந்து "அப்பா" கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது!

உங்கள் அப்பா சொல்வதையும் நான் ஏற்கவில்லை. பேச்சு வந்த பிறகு பள்ளி என்று காத்திருந்த குடும்பங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். காத்திருக்கும் அந்த வருடங்களில் குழந்தையைச் சுற்றி அம்மா, பாட்டி, டி.வி. தவிர யாரும் இருப்பதில்லை. பேசுவதற்கு ஒரு தேவையும் பேச ஒரு ஆளும் வேண்டும். கேட்பதற்கு முன்பே எல்லாம் கைக்கு வந்துவிடுகிற வீட்டில் அந்தத் தேவை குறைவு. பேச்சு இல்லாமலேயே பள்ளிக்குப் போகலாம்.

இப்போது உங்கள் கேள்வி. ஸ்பெஷலா, நார்மலா என்பதற்குப் பதில் பள்ளியின் வகையில் கிடைக்காது. உங்கள் மகன் போய் உட்காரப் போகிற அந்த ஒரு அறையில், அவனுக்கு வாய்க்கப்போகிற அந்த ஒரு ஆசிரியரிடம் இருக்கிறது பதில். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: வார்த்தை இல்லாத குழந்தை சொல்ல வருவதைக் கவனிக்க அந்த அறையில் ஆள் இருக்கிறாரா? மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்பு, முப்பதுக்கும் மேல் பிள்ளைகள், தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு வராத ஒரு பையன் எழுந்து போய் டீச்சர் மேஜையில் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் தட்டினான். "போய் உட்காரு" என்று அவர் சொல்லவில்லை. மேஜைக் காலில் கட்டித் தொங்கவிட்டிருந்த அட்டைக் கொத்தை எடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் படம் ஒட்டி, ஓட்டை போட்டு நூலில் கோத்தது. தண்ணீர், வெளியே என்ற இரண்டு படங்களை அவன் முன்னால் நீட்டினார். தண்ணீர்ப் படத்தைத் தள்ளிவிட்டு மற்றதைப் பிடித்தான். "வெளியே போகணுமா? சரி, வெளியே" என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒரு சிறுமியை எழுந்து வாசிக்கச் சொன்னார். கதவைத் திறந்து, தன் கண்ணுக்கு எட்டும்படி திண்ணையில் அவனை நிற்க வைத்தார். சிறிது நேரம் நின்றுவிட்டு அவனே உள்ளே வந்தான். வகுப்பு நிற்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை. அந்த ஆசிரியை சிறப்புக் கல்வி படித்தவர் இல்லை. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியர் சொல்லிக்கொடுத்ததை விடாமல் செய்துகொண்டிருந்தார்.

வேறொரு ஊரில் ஒரு சிறப்புப் பள்ளிக்குப் போனேன். வாசலில் பத்து வகைத் தெரபியின் பெயர் எழுதியிருந்தது. உள்ளே ஒரே அறையில் பதினைந்து பிள்ளைகள், எல்லார் கையிலும் ஒரே ஆப்பிள் படம், ஒரே சிவப்புக் கிரயான். மூலையில் டி.வி.யில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குழந்தை அழுதது. நான் அங்கே இருந்த நேரம் முழுக்க அழுதது. இதை வைத்துச் சிறப்புப் பள்ளிகள் எல்லாம் இப்படி என்று எண்ணிவிடாதீர்கள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர், ஒவ்வொரு குழந்தை இடத்திலும் அன்றைய வேலைகள் வரிசையாகப் படமாக ஒட்டியிருக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. பெயர்ப் பலகையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்காகத்தான் சொன்னேன்.

ஆகவே இரண்டு பள்ளிகளையும் நேரில் போய்ப் பாருங்கள். அட்மிஷன் நாளிலோ ஆண்டு விழாவிலோ வேண்டாம். சாதாரண ஒரு வேலை நாள், பதினோரு மணி வாக்கில் போய் மதியச் சாப்பாடு முடியும் வரை இருங்கள். பாடம் நடத்தும் நேரத்தைவிடச் சாப்பாட்டு நேரமும் பாத்ரூம் நேரமும் அதிகம் சொல்லும். டவுசரையோ பாவாடையையோ நனைத்துக்கொண்ட குழந்தையை எப்படிக் கூட்டிப்போகிறார்கள், எல்லார் முன்னாலும் திட்டுகிறார்களா, கதவைச் சாத்திவிட்டு மாற்றிவிடுகிறார்களா என்று பாருங்கள். சாப்பிட மறுக்கிற குழந்தையின் வாயைப் பிடித்துத் திணிக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டால் யார் கவனிக்கிறார்கள்? பெற்றோர் வகுப்புக்குள் வரக் கூடாது என்பதற்கு மற்றக் குழந்தைகளின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னால் அது நியாயம்தான். ஜன்னல் வழியாகவாவது பார்க்க விடுங்கள் என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் அந்த இடம் வேண்டாம்.

திண்டுக்கல் பள்ளியில் இன்னும் சிலவற்றைக் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனியார் நிறுவனம் எதுவானாலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசிடம் பதிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள். சிறப்பாசிரியர்களும் ஸ்பீச் தெரபிஸ்ட்டுகளும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்திருப்பார்கள். பதிவெண் கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், எடுத்துக்கொண்டால் யோசியுங்கள். பிறகு, அங்கே படிக்கும் ஒரு குழந்தைக்குப் போட்டிருக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தை, பெயரை மறைத்துவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். "கவனம் கூடும், சமூகத் திறன் மேம்படும்" என்று எழுதியிருந்தால் அது யாருக்கும் எழுதலாம், எந்த வருடமும் எழுதலாம். "தாகம் எடுத்தால் தண்ணீர்ப் படத்தை எடுத்து ஆசிரியர் கையில் கொடுப்பான், முதலில் கையைப் பிடித்துக் காட்டுவோம், தீபாவளிக்குள் தானாகக் கொடுக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், எழுதியவர் அந்தக் குழந்தையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு ஒரு வார்த்தை. ஆட்டிசம் தொற்றிக்கொள்வதில்லை. ஒரு குழந்தை கத்துவதைப் பார்த்து இன்னொரு குழந்தை கத்திப் பார்க்கும், உண்மைதான். அது எல்லாப் பள்ளியிலும் நடக்கும். கத்தினால்தான் கவனிப்பார்கள் என்ற நிலை இருக்கிற இடத்தில்தான் அது பழக்கமாக நிலைக்கும். சிறப்புப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்து "அந்த மாதிரிப் பிள்ளைகள்" என்று வீட்டில் பேசாதீர்கள். உங்கள் மகன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறான். எழுத்துகளைத் தானாகக் கற்றுக்கொண்டவன் காதில் எது விழுகிறது, எது விழவில்லை என்று நமக்கு எப்படித் தெரியும்?

எல்லாம் பார்த்த பிறகு என் யோசனை என்ன என்று கேட்டால், உங்கள் கடிதத்தில் இருக்கும் விவரத்தை வைத்து, தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளியில் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் சொல்வேன். ஹெச்.எம். டீச்சர் சொன்ன "கூட்டிட்டு வாங்க, பார்க்கலாம்" என்பது லேசான வார்த்தை இல்லை. பணம் கொடுத்தும் அந்த வார்த்தை கிடைக்காமல் அலையும் பெற்றோர் எத்தனையோ பேர். தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று ஹாரன் சத்தத்தில் பஸ்ஸில் போய்வந்தால் உங்கள் மகன் பள்ளிக்குள் நுழையும்போதே களைத்திருப்பான். கைக்குழந்தையோடு நீங்கள் இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டீர்கள். பக்கத்துப் பள்ளி என்றால் ஐந்து நிமிடத்தில் நீங்கள் போய் நிற்கலாம். அவன் தெருவில் ஓடினால் "இவன் நம்ம கிளாஸ்" என்று கையைப் பிடித்துக் கூட்டிவரும் பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள். அவனுக்கு எழுத்து தெரியும் என்பதால் வகுப்பில் அவன் பங்குக்கும் ஏதாவது இருக்கும். தொடக்க வகுப்புகளில் நடக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் படமும் செயல்பாடும் அதிகம். படம் அவனுக்கு உதவும். கைதட்டலும் கோரஸும் கஷ்டமாக இருக்கலாம். அந்த நேரத்தில் கதவோரம் உட்கார விடச் சொல்லுங்கள்.

ஆனால் சேர்க்கும் முன் சிலவற்றை ஹெச்.எம்.மிடம் பேசி முடித்துவிடுங்கள். முதலாவது, கேட். ஓடும் குழந்தைக்கு அதைவிடப் பெரிய விஷயம் இல்லை. இடைவேளையில் கேட்டை யார் பூட்டுகிறார்கள், வளாகத்தில் மூடாத கிணறோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கிறதா என்று நீங்களே சுற்றிப் பாருங்கள். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் மீது தனி ஈர்ப்பு; ஆபத்து தெரியாமல் இறங்கிவிடுவார்கள். கேட் சரியில்லை என்றால் ஊர்க்காரர்களிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் சொல்லி அதைச் சரி செய்த பிறகுதான் சேர்க்கை.

அடுத்தது, நீங்கள் கூட உட்கார வேண்டும் என்ற நிபந்தனை. முதல் இரண்டு மூன்று வாரம் உட்காருங்கள், அது அவனுக்கும் நல்லது. ஆனால் முடிவுத் தேதியை இப்போதே பேசிக்கொள்ளுங்கள். பிறகு திண்ணை, பிறகு பள்ளி வாசல், பிறகு வீடு. அம்மா பக்கத்தில் இருக்கும்வரை டீச்சர் அவனிடம் பேச மாட்டார், உங்களிடம்தான் பேசுவார். அவனும் டீச்சரைப் பார்க்க மாட்டான். பெரிய தனியார் பள்ளிகளில் பெற்றோர் செலவில் வைக்கச் சொல்லும் ஷேடோ டீச்சர் விஷயத்திலும் இதே கதிதான். நல்ல ஷேடோ டீச்சர் மெல்ல மெல்ல விலகிக்கொள்வார். பல இடங்களில் அவர் விலகுவதே இல்லை; வகுப்பாசிரியருக்கும் குழந்தைக்கும் நடுவில் சுவராக வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்.

தொடக்கத்தில் அரை நாள் போதும். காலை வழிபாட்டு மைக் சத்தம் அவனுக்கு ஆகாது. வழிபாடு முடிந்து வகுப்புக்கு நேராக வரட்டும். பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு, ஆனால் உப்புமாவையும் சாம்பார் சாதத்தையும் அவன் தொட மாட்டான். வீட்டுத் தயிர் சாதம் டப்பாவில் போகட்டும். மற்றப் பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தால் போதும், என்ன சாப்பிடுகிறான் என்பது இந்த வருடத்துப் பிரச்சினை இல்லை.

ஒட்டன்சத்திரம் வட்டார வள மையத்துக்கு இந்த வாரமே போங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் அங்கே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு எந்தெந்த நாள் வருவார், மையத்தில் எந்த நாள் பயிற்சி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரே பல பள்ளிகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் தினமும் வர மாட்டார். ஆட்டிசம் போன்ற நிலை உள்ள ஐந்து குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இடைக்காலமாகச் சொன்னது. நடைமுறை அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது என்பது எனக்கு மாறாத வருத்தம். அதனால் அவர் வரும் நாளில் வகுப்பாசிரியரும் நீங்களும் கூட இருந்து, அட்டைக் கொத்து மாதிரி ஒன்றிரண்டு வேலைகளைக் கற்றுக்கொண்டால் மற்ற நாட்களும் வீணாகாது. ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் அரசு மருத்துவமனையில் உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்தில் கேளுங்கள். திண்டுக்கல்லுக்கு வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போய்வருவது தினமும் போவது போல இல்லை. அந்தச் சிறப்புப் பள்ளியே வெளிக் குழந்தைகளுக்கு மாலையில் பயிற்சி தருகிறதா என்றும் விசாரியுங்கள்.

இந்தத் தடவை ஆட்டிசத்தை மறைக்காதீர்கள். போன முறை ஏன் மறைத்தீர்கள் என்று புரிகிறது. ஆனால் தெரியாத ஆசிரியருக்கு அவன் அடங்காத பிள்ளை. தெரிந்த ஆசிரியருக்கு உதவி வேண்டிய பிள்ளை. ஒரு பக்கத்தில், உங்கள் கையெழுத்திலேயே எழுதிக் கொடுங்கள், உதாரணமாக: சத்தம் வந்தால் காதைப் பொத்துவான், அப்போது தொட வேண்டாம், இரண்டு நிமிடம் விடுங்கள். டவுசரைப் பிடித்துக்கொண்டு குதித்தால் பாத்ரூம். ஒரு தடவைக்கு ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள், சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். முறுக்கு கொடுத்தால் எங்கேயும் வருவான். இப்படி எழுதினால் எந்த ஆசிரியருக்கும் புரியும். மருத்துவ அறிக்கையைக் கொடுத்தால் பீரோவுக்குப் போய்விடும்.

அவன் பஸ் ஊர்களின் பெயர் சொல்வதையும் அதில் எழுத வேண்டும். அதற்கு முன் ஒரு வாரம் கவனியுங்கள், எப்போது சொல்கிறான் என்று. வெளியே போக ஆசைப்படும்போதா, பயந்திருக்கும்போதா, தூக்கம் வரும்போதா? இப்படித் திருப்பிச் சொல்வதை அர்த்தமில்லாதது என்று ஒரு காலத்தில் நிறுத்தப் பார்த்தார்கள். பல குழந்தைகளுக்கு அதுவே பேச்சின் வாசல். வெளியே போகும் ஆசையில்தான் சொல்கிறான் என்று தெரிந்தால், அவன் "பழனி, உடுமலை" என்றதும் நீங்கள் "வெளியே போகலாம்" என்று சொல்லிச் செருப்பை எடுங்கள். சில வாரத்தில் அந்த "போகலாம்" அவன் வாயில் வரலாம். படம் காட்டிப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். படமும் பேச்சும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. பிறகு தேவைப்பட்டால் படத்தைத் தொட்டால் குரல் வரும் செயலிகளும் உண்டு. ஆவாஸ் என்ற செயலி சென்னையில் உருவானதுதான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் ஊரிலும் யாராவது சொல்வார்கள்: "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும், இங்கிலீஷ் மீடியத்தில்தான் ஸ்பெஷல் டீச்சர் இருப்பார்." தயவுசெய்து கேட்காதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டி பேசுகிற, அப்பா கொஞ்சுகிற, தெருவில் கூப்பிடுகிற தமிழை எடுத்துவிட்டால் இந்தக் குழந்தைக்கு மிச்சம் இருப்பது உங்களுக்கே சரளமாக வராத நாலு இங்கிலீஷ் வாக்கியம். இங்கிலீஷ் எழுத்தும் அவனுக்குத் தெரியும், அது அவன் போக்கில் வளரட்டும். ஆனால் அவன் பள்ளி மொழி வீட்டு மொழியாக இருக்கட்டும்.

சட்டம் என்ன தருகிறது என்றும் தெரிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசம் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்பு என்று சான்று உள்ள குழந்தைக்கு 6 வயதிலிருந்து 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்ற தேர்வும் சட்டப்படி குழந்தையின் பக்கம்தான் இருக்கிறது, பள்ளியின் பக்கம் இல்லை. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்க்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்களைத் திருப்பி அனுப்பிய பள்ளி செய்தது சரியில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். ஆனாலும் அவனை வேண்டாம் என்ற அதே வகுப்பறைக்குள் உத்தரவோடு திரும்ப அனுப்புவதை இந்த வயதில் நான் விரும்ப மாட்டேன். புகார் கொடுத்தால் அடுத்து வருகிற குழந்தைக்கு உதவும். உங்களுக்குத் தெம்பு இருந்தால் கொடுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் உண்டு, ஆனால் அது பள்ளியின் நுழைவு வகுப்புக்கு மட்டும். எல்.கே.ஜி. உள்ள தனியார் பள்ளிகளுக்கு உங்கள் மகன் வயது தாண்டிவிட்டது. மூன்று நான்கு வயதுக் குழந்தையோடு இதைப் படிக்கும் பெற்றோர் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆட்டிசத்தை அளக்க 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் ஒன்று இருக்கிறது. அதில் 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை மிதமானது, அதற்கு மேல் தீவிரமானது என்று பிரிப்பார்கள். வருகிற எண்ணைப் பார்த்து அழாதீர்கள். அது சலுகைகளுக்கான கணக்கு. அவன் எவ்வளவு கற்பான் என்று அது சொல்வதில்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு, தெரபிச் செலவும் அதில் வரும். பின்னாளில் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் இதே சான்றை வைத்துத்தான்.

மே மாதம் பள்ளி காலியாக இருக்கும்போது ஹெச்.எம்.மிடம் கேட்டு நாலைந்து முறை அவனைக் கூட்டிப்போங்கள். வகுப்பறையில் அவன் உட்காரும் இடம், குழாய், பாத்ரூம் எல்லாம் போட்டோ எடுத்து வீட்டில் காட்டிக்கொண்டிருங்கள். அப்படியும் முதல் சில வாரம் அழுவான், தூக்கம் கெடும். அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காலாண்டுத் தேர்வு விடுமுறையில் கணவரோடு உட்கார்ந்து யோசியுங்கள். காலையில் யூனிஃபார்மைப் பார்த்ததும் என்ன செய்கிறான்? தனக்கு வேண்டியதைக் கேட்க ஒரு புது வழியாவது வந்திருக்கிறதா? வகுப்பாசிரியர் அவனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் சொல்கிறாரா? இவற்றுக்கு நல்ல பதில் கிடைத்தால் தொடருங்கள், பாடத்தில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. புதிதாகத் தன்னையே அடித்துக்கொள்வது, உடம்பில் காயம், பாத்ரூம் பழக்கம் முழுக்கத் திரும்பிப் போவது, நாள் முழுக்க ஒரு மூலையில் தனியாக விடப்படுவது என்று தெரிந்தால், ஆண்டு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திண்டுக்கல் பள்ளியில் நீங்கள் பார்த்த வகுப்பறை நன்றாக இருந்திருந்தால், பள்ளிக்கு அருகிலேயே வாடகைக்கு வீடு பார்க்க முடியுமா என்பதை அப்போது பேசலாம். கணவருக்குத் திண்டுக்கல் மார்க்கெட்டில் வேலை கிடைக்குமா என்று மட்டும் இப்போதே மெதுவாக விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.